கூந்தலில் வந்த நெல்

தென் அமெரிக்காவின் வடகரையில் சூரினாம் என்று ஒரு சிறு நாடு. 1667-லிருந்து டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். ஆற்றங்கரை நெடுகக் கரும்புத் தோட்டங்கள். அவற்றில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகள். அவர்களில் பலர் காட்டுக்குள் தப்பியோடித் தனிச் சமூகமாகவே வாழ்ந்து காட்டினார்கள். மரூன்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

ஏன் ஓடினார்கள்? சவுக்கடி, பெற்ற பிள்ளையைப் பிரித்து விற்பது, இவை நாம் கேள்விப்பட்டவைதான். இயந்திரங்களோடு காலம் கழித்த எனக்கு மனத்தில் தைத்தது கரும்பாலைதான். சுழலும் உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கையால் கொடுக்க வேண்டும். ஆலை இரவிலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். சட்டென்று நிறுத்த வழியில்லை. ஆகவே கையை வெட்டி ஆளைக் காப்பாற்றப் பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருப்பார்கள். பிரேக் வைக்கத் தோன்றவில்லை, கோடரி வைக்கத் தோன்றியிருக்கிறது! ஓடிப் பிடிபட்டவனின் காலை வெட்டுவதும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் 1759-ல் எழுதிய ‘கான்டீட்’ கதையில் ஒரு கையும் ஒரு காலும் இழந்த சூரினாம் அடிமை வருவது வெறும் கற்பனையல்ல.

ஓடியவர்களுக்கு ஆறே அரணாயிற்று. மேலே போகப் போகப் பாறைகளும் நீர்ச்சரிவுகளும் குறுக்கிடும். பட்டாளத்தின் படகுகள் அங்கே திணறின. அதற்கும் அப்பால் இவர்கள் ஊர் அமைத்தார்கள்.

ஒளிந்துகொள்வது ஒன்று, ஊராக வாழ்வது வேறு. வந்தவர்கள் ஒரே நாட்டாரும் அல்லர், ஒரே மொழிக்காரரும் அல்லர். ஆகவே எந்தத் தோட்டத்திலிருந்து சேர்ந்து ஓடினார்களோ, அதுவே குலமாயிற்று. சரமாக்கா என்னும் மரூன் மக்களில் ‘மச்சாவ்’ குலத்தின் பெயர் மச்சாடோ என்ற தோட்ட முதலாளியின் பெயரிலிருந்து வந்தது. பட்ட இடத்தின் பெயரே பந்தத்தின் பெயர்! பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வார்கள். கேரளத்து மருமக்கள்தாயம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் போர்த்துகீசியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து, அவர்களுக்கென்று ஒரு மொழியும் பிறந்தது.

சோறு? அங்கேதான் பெண்களின் சாமர்த்தியம். பான்சா என்ற பெண் ஓடும்போது கூந்தலுக்குள் நெல்மணிகளை ஒளித்து வந்தாள் என்று சரமாக்கா மக்கள் சொல்லி வருகிறார்கள். இப்படிப்பட்ட மூதாட்டியரின் பெயர்களைத் தாங்கிய நெல் ரகங்களை இன்றும் மரூன் பெண்கள் பயிரிடுகிறார்கள்.

அடக்க முடியாத டச்சு அரசு 1762-ல் சரமாக்காக்களோடு சமாதானம் செய்துகொண்டது. அடிமை முறை ஒழிவதற்கு நூறு ஆண்டு முன்பே இவர்களுக்குச் சுதந்திரம்! ஆனால் ஒரு நிபந்தனை: இனிமேல் ஓடிவருபவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதற்கும் சம்மதித்தார்கள். குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். ஆனால் அதற்குப் பிறகு தப்பிவந்து கதவைத் தட்டியவனின் கதியையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

படைகளால் ஆகாததை 1960-களில் ஓர் அணை செய்தது. அலுமினியத் தொழிலுக்கு மின்சாரம் வேண்டி அஃபோபாக்காவில் ஆற்றை மறித்தார்கள். சரமாக்கா நிலத்தில் ஏறத்தாழப் பாதி நீரில் மூழ்கியது. சுமார் 6,000 பேர் ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தது. குடியேறிய இடங்களில் சிலவற்றுக்கு மூழ்கிய ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள்: புது லொம்பே, புது காஃபிகாம்ப்.