சிறைச் சான்றும் செக்கா அட்டையும்

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகு அதன் உளவுத்துறையினரின் அடையாளப் புத்தகங்களும் விருதுச் சான்றுகளும் சந்தைக்கு வந்தன. கையடக்கமான அட்டைப் புத்தகம். உள்ளே புகைப்படம், பதவி, மேலதிகாரியின் கையொப்பம், முத்திரை. 1917 டிசம்பரில் பிறந்த செக்கா என்ற அந்த உளவுத்துறை பலமுறை பெயர் மாறி, 1954இல் கேஜிபி ஆனது. அந்த மாற்றங்களெல்லாம் இந்தத் தாள்களில் பதிந்திருக்கின்றன. பல சோவியத் விருதுப் பதக்கங்களின் பின்புறம் ஓர் எண் பொறித்திருப்பார்கள். சான்றுப் புத்தகத்திலும் அதே எண் இருக்கும். தாள் தொலைந்துவிட்டால், அந்தப் பதக்கம் யார் மார்பில் இருந்தது என்பதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் விவரமறிந்த சேகரிப்பாளர்கள் உலோகத்தைவிடத் தாளைத் தேடுகிறார்கள். அவர்கள் செய்வது சரி என்பதே என் கருத்து.

கொலைகாரத் துறையின் காகிதத்தைப் பொக்கிஷமாக வைப்பது அந்தத் துறைக்குச் செய்யும் மரியாதை ஆகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 6,80,000 பேர் அங்கே மரண தண்டனைக்கு ஆளானதை அத்துறையின் பதிவுகளே காட்டுகின்றன. ஆனால் அதே காகிதங்கள்தாம் பிறகு சாட்சியாகின. ரஷ்யாவின் மெமோரியல் என்ற மனித உரிமை அமைப்பு, 1935 முதல் 1939 வரை அத்துறையில் பணியாற்றிய சுமார் 40,000 பேரின் பட்டியலை 2016இல் வெளியிட்டது. யாருக்கு எப்போது எந்தப் பதவி, எந்த விருது என்று பெயர்வாரியாகத் தெரிந்தது. பாராட்டுவதற்காக எழுதிய வரி, பொறுப்பாளியைச் சுட்டும் வரியானது. 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பையே கலைக்க உத்தரவிட்டதை எண்ணினால், இத்தாள்கள் ஒரே அரசின் பெட்டகத்தில் மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும்.

நம் குமரி மாவட்டத்தில் இதற்கு நேர்மாறானது நடந்தது: குற்றம் சாட்டிய தாளே பெருமைக்குச் சான்றானது. முட்டத்தில் ஒரு குடும்பம் வீடு மாறாமலே இருந்திருந்தாலும், 1949 ஜூலை வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம் என மூன்று அரசுகளின் முத்திரையைப் பார்த்திருக்கும். தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டுப் போராடியவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் சிறை சென்றார்கள். அன்று காவல்துறை எழுதிய குற்றத்தாள், இணைப்புக்குப் பிறகு தியாகத்தின் ஆதாரம். விடுதலைப் போராட்ட வீரர்களுக்கும் இதே கதைதான். 1972இல் மத்திய அரசு ஓய்வூதியம் அறிவித்தபோது, பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று கேட்டது. அது கிடைக்காதவர்கள் உடனிருந்த கைதிகளிடம் சான்று வாங்கி அலைய வேண்டியிருந்தது. குமரிக்காரருக்கு இன்னொரு தடையும் உண்டு: பழைய அரசின் பதிவுகளைத் தேட மாநில எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகவேண்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் ஒற்றைத் தாள் அந்த அலைச்சலையே மிச்சப்படுத்தியிருக்கும்.

போலிகள் மலிந்த துறை என்பார்கள், உண்மைதான். ஆனாலும் தாளே போலியைக் காட்டிக்கொடுக்கும். 1950ஆம் ஆண்டு அட்டையில் கேஜிபி என்ற பெயர் இருந்தால் அது பொய். 1955இல் கல்குளத்தில் வழங்கியதாகச் சொல்லும் சான்றில் சென்னை அரசின் முத்திரை இருந்தாலும் அப்படியே. விற்பனையைத்தான் நான் தயக்கத்தோடு பார்க்கிறேன். ரஷ்யாவில் அரசு விருதுகளை விற்பது குற்றம். இந்தியாவில் 75 ஆண்டு கடந்த வரலாற்று ஆவணங்கள், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டிலும், குடும்பத்துக்கு ஒரு நகல்கூட மிஞ்சாமல் தாள் கைமாறுவது இழப்பே.

உங்கள் வீட்டில் தாத்தாவின் சிறைச் சான்றோ, படைவிலகல் சான்றோ, விடுதலை வீரருக்குத் தந்த தாமிரப் பட்டயத்தோடு வந்த கடிதமோ இருந்தால், பாதுகாப்பு என்று எண்ணி லேமினேட் செய்துவிடாதீர்கள். தாளைப் பிறகு சேதமின்றிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். இரு பக்கத்தையும் படம் எடுங்கள். அவர் யார், எந்த ஊர், எதற்காக அது கிடைத்தது என்று தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். விவரம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.