ஒரே ஃபைலில் இரண்டு ரிப்போர்ட்: கொலஸ்ட்ராலுக்கும் மார்பகப் புற்றுக்கும் என்ன உறவு?

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் மருத்துவமனை, 1982 முதல் நகரத்தின் புற்றுநோய்க் கணக்கைப் பதிந்துவருகிறது. பெண்களிடம் இன்று முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான். சிகிச்சைக்கு வருபவரின் ஃபைலில் இரண்டு தாள்கள் இருக்கலாம்: ஒன்று பயாப்சி ரிப்போர்ட், மற்றொன்று கொலஸ்ட்ரால் ரிப்போர்ட். ஒன்றைப் புற்றுநோய் மருத்துவர் பார்ப்பார். மற்றது இதய மருத்துவருக்கு என்று ஒதுங்கிவிடும்.

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘இ.ஆர். பாசிட்டிவ்’ என்றால்?

சாயம் ஏற்றிய திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சில செல்களின் உட்கரு நீலமாக இல்லாமல் பழுப்பாகத் தெரியும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (இ.ஆர்.) அங்கே இருக்கிறது என்று பொருள். இப்படி உட்கருவில் இருந்து ஜீன்களை முடுக்கிவிடும் புரதங்களே உட்கரு ஏற்பிகள்.

கொலஸ்ட்ராலை உணர்வது எது?

அதே உட்கரு ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த எல்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி. ஆக்சிஜன் ஏறிய கொலஸ்ட்ராலை அது உணர்கிறது என்பது 1996இல் தெரியவந்தது. செல்லில் கொலஸ்ட்ரால் மிகுந்தால் வெளியே தள்ள ஏற்பாடு செய்வது அதன் வேலை.

சிக்கல் எங்கே?

கொலஸ்ட்ராலிலிருந்து உடலே தயாரிக்கும் 27-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால், இந்த இரண்டு ஏற்பிகளையும் தூண்டும். 2013இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் மெக்டொனல் குழு இதை எலிகளில் சோதித்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழியே கட்டி வளர்ந்தது. அது பரவ எல்.எக்ஸ்.ஆர். துணைபோனது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றிய உடலிலும் கட்டிக்குத் தீனி கிடைக்கும் வழி இது.

அப்படியானால் எல்.எக்ஸ்.ஆர். எதிரியா?

இல்லை. அதே ஆண்டில் பிரான்ஸின் துலூஸ் ஆய்வாளர்கள், கொலஸ்ட்ராலிலிருந்தே உருவாகும் டெண்ட்ரோஜெனின்-ஏ என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். மார்பகக் கட்டிகளில் இது குறைந்திருந்தது. எல்.எக்ஸ்.ஆர். வழியாகவே இது சில வகைப் புற்றுச்செல்களைச் சாகடிக்கும் என்பது பின்னர் தெரிந்தது. வந்து ஒட்டுவது எது என்பதைப் பொறுத்தே ஏற்பியின் குணம் மாறுகிறது.

நோயாளி என்ன செய்யலாம்?

மாதவிடாய் நின்ற, மார்பகப் புற்று வந்த சுமார் 8,000 பெண்களின் தரவை அலசிய 2017 ஆய்வில், ஹார்மோன் சிகிச்சையின்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. மாத்திரைதான் காரணம் என்பதற்கு இது நிரூபணம் ஆகாது. எனவே கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். வழக்கமான கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் 27-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலின் அளவும் இருக்காது. ஆனாலும், அடுத்த முறை போகும்போது அந்த இரண்டாவது தாளையும் புற்றுநோய் மருத்துவரிடம் எடுத்துக் காட்டுங்கள்.