இரட்டையரின் மஜ்ஜை ஏன் தோற்றது?

கட்டிலையொட்டிய ஸ்டாண்டில் தொங்கும் பை, பார்வைக்குச் சாதாரண ரத்தப் பை போலத்தான் இருக்கும். கழுத்துக்குக் கீழே பொருத்திய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பெரிய ஆபரேஷன் என்று பயந்து ஊரிலிருந்து கிளம்பி வந்த சொந்தக்காரர்கள், "இவ்வளவுதானா?" என்பார்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையின் பாடெல்லாம் இதற்கு முன்னும் பின்னும்தான். கடும் கீமோவால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயாளியின் மஜ்ஜையை ஏற்கெனவே துடைத்திருப்பார்கள். பையிலிருந்து இறங்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்தில் சுற்றி, மஜ்ஜை கசியவிடும் ஒரு வேதிப்பொருளை மோப்பம் பிடித்து, தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேரும். வேர்பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரமாகும். அதுவரை வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்காது. வீட்டார் தினமும் கேட்பது ஒன்றுதான்: "கவுன்ட் ஏறிடுச்சா?" நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை 500-ஐத் தொட்டு மூன்று நாள் நிலைத்தால் வார்டே மூச்சுவிடும்.

இந்தச் சிகிச்சையின் முன்னோடி டோனல் தாமஸ். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் இருந்தபோது, லுக்கேமியா நோயாளிகள் இருவருக்கு அவரவருடன் பிறந்த, அச்சு அசலான இரட்டையரின் மஜ்ஜையை ஏற்றி, 1959-ல் அதை வெளியிட்டார். பொருத்தத்தில் குறையே இல்லை; மஜ்ஜை அழகாக வேர்பிடித்தது. ஆனால் சில மாதங்களிலேயே லுக்கேமியா திரும்பி வந்தது.

கதிர்வீச்சு போதவில்லை என்பது பாதிக் காரணம். மறுபாதி புரிய இருபது ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் எச்.எல்.ஏ. எனும் திசு அடையாளப் பொருத்தம் பார்க்கும் முறை வந்து, கூடப்பிறந்தவர்களிடம் மஜ்ஜை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு தாய் தகப்பன் பிள்ளைகளிலும் நாலில் ஒருவருக்குத்தான் முழுப் பொருத்தம் வாய்க்கும். பொருந்தினாலும் வம்பு விடாது. தந்தவரிடமிருந்து வந்த டி செல்கள் என்ற வெள்ளணுக்கள், குடியேறிய உடம்பையே அந்நியமாகப் பார்த்துத் தோல், குடல், கல்லீரல் மூன்றையும் தாக்கும். உயிரையே பறிக்கும் இந்தப் பகையைத்தான் மருத்துவர்கள் ஒழிக்க நினைத்தார்கள். 1979-ல் சியாட்டிலில் தாமஸின் குழு கணக்குப் பார்த்தபோது விஷயம் தலைகீழாக இருந்தது: பகை மூண்டவர்களுக்குத்தான் லுக்கேமியா குறைவாகத் திரும்பியிருந்தது! தோலை அடிக்கும் செல், ஒளிந்திருக்கும் புற்றுசெல்லையும் அடிக்கிறது. இரட்டையரின் செல்லுக்கோ எல்லாமே சொந்தம், புற்றுநோய் உட்பட.

நானாக இருந்தால் அந்தக் கணக்கைத் தப்பென்று தள்ளியிருப்பேன். ஜெர்மனியில் மருத்துவர் ஹான்ஸ் கோல்ப் அந்தப் பகையையே மருந்தாக்கினார். மாற்றுக்குப் பிறகு நோய் திரும்பியவர்களுக்கு, மஜ்ஜை தந்தவரின் வெள்ளணுக்களை மட்டும் மறுபடி ஏற்றினார். நோய் பின்வாங்கியதை 1990-ல் அறிவித்தார். அதே ஆண்டு தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று பாதிப் பொருத்தமுள்ள அப்பாவோ அம்மாவோகூடக் கொடுக்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த தந்திரம் இது: செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கிறார்கள். வெறிகொண்டு பெருகும் டி செல்கள் அதில் மாளும். ஸ்டெம் செல்லிடம் அம்மருந்தை முறிக்கும் நொதி இருப்பதால் அது தப்பிக்கும்.

நம்மூரில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டும். ரத்தம் இனி தந்தவருடையது. 'ஓ' பிரிவுக்காரர் சில மாதங்களில் 'பி' ஆகிவிடலாம். டிரைவிங் லைசென்ஸில் இருப்பதோ பழைய பிரிவு.