அட்டைக்கடி ரத்தக் கறைக்கு வெந்நீர் ஏன் ஆகாது?

சேரம்பாடியில் மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் போய்வந்தவர் சோபாவில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் ரத்தம் கண்ணில் படும். அட்டை கடித்ததே தெரிந்திருக்காது. மருத்துவ அட்டையின் சுரப்பு ரத்தத்தை உறையவிடாது என்பதை 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் காட்டினார். தோட்டத்து அட்டையிடமும் அந்த வேலையைச் செய்யும் பொருள் உண்டு. அது விழுந்த பின்னும் காயம் கசிவது அதனால்தான்.

மலைக்குளிரில் கை வெந்நீரைத்தான் தேடும். தயவுசெய்து வேண்டாம். ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு போல இறுகி நூலிழையைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும், பஞ்சுக்குள்ளும் இறங்கும்.

காய்ந்த கறைக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. விட்டதும் நுரைக்கும்: ரத்த அணுக்களிலுள்ள கேட்டலேஸ் நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. மிஞ்சும் பெராக்சைடு கறையின் நிறத்தை வெளுக்கிறது. துணியின் சாயத்தையும் வெளுக்கலாம். மறைவான மூலையில் முதலில் சோதியுங்கள்.

புரதத்தை அறுக்கும் நொதி கலந்த சலவைத்தூளும் நன்றாக வேலை செய்யும். ஆனால் கம்பளியும் பட்டும் புரதமே. கம்பளி விரிப்பில் அதைத் தொடவே வேண்டாம்.