சீட்டுக் கட்டும் சிறுவர் கணக்கும்



சீட்டுக் கட்டு என்றவுடன் நம் பெற்றாரிற் பலர் முகஞ்சுளிப்பது இயல்பு. சீட்டாட்டத்தாற் காணியையும் நகையையும் தோற்ற குடும்பத்தின் கதை ஒன்றேனும் இல்லாத ஊர் அரிது. அக்கதைகளை நான் மறுக்க வரவில்லை. ஆயினும் அக்கேட்டை விளைத்தது பணையமாக வைத்த பணமேயன்றி அந்த ஐம்பத்திரண்டு கடதாசித் துண்டுகள் அல்ல. பணையத்தை அடியோடு நீக்கிவிட்டு, அக்கட்டினைக் கணக்குக்கு அஞ்சும் ஒரு குழந்தையின் கையிற் கொடுத்தால் என்ன நிகழும் என்பதையே இன்று உங்களோடு சிறிது ஆராய விரும்புகின்றேன்.

எங்கள் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளில் முந்நூற்று நான்கு ஆடுவார்கள். அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் பெரியவர்களின் பின்னால் வந்து அமர்ந்துகொள்வான். பாடசாலையில் இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் அவன் விரல்களை மேசைக்கடியில் ஒளித்துவைத்து எண்ணுவான் என்று அவனுடைய தாயார் குறைபட்டுக்கொள்வதுண்டு. அதே சிறுவன், ஆட்டம் முடிந்து சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, பெரியவர்கள் எண்ணி முடிப்பதற்குள் "நூற்று நாற்பத்தேழு" என்று சொல்லிவிடுவான். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் அவன் சொன்னதே சரியாயிருக்கும்.

இது எவ்வாறு நேர்ந்தது? அந்த ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். முந்நூற்று நான்கு ஆடத் தெரிந்த நேயர்கள் சிறிது பொறுத்தருள்க, தெரியாதவர்களுக்காகச் சொல்கின்றேன். ஒவ்வோர் இனத்திலும் எட்டுச் சீட்டுகளாக மொத்தம் 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. அரசனையும் அரசியையும் ஓர் ஏவலாளன் வெல்லும் இந்த விந்தை ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் என்னும் ஆட்டத்திலும் துருப்பு இனத்திற் காணப்படுவது. அது நிற்க. ஓர் இனத்தின் புள்ளிகளைக் கூட்டினால் 76 வரும். நான்கு இனங்களுக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கூட்டுத்தொகையாகும்.

எதிரெதிராக அமர்ந்தவர்கள் ஒரு கட்சி. ஒருவர் 160 புள்ளி எடுப்பதாகக் கேள்வி கேட்டுத் துருப்பை வைக்கிறார் என்று கொள்வோம். அவரைத் தோற்கடிக்க எதிர்க்கட்சியார் எத்தனை எடுக்க வேண்டும்? 304இலிருந்து 160ஐக் கழித்தால் 144. அதனிலும் ஒன்று கூட, 145. கேள்வி 170 ஆனால் 135 போதும். இக்கழித்தலைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தாற் கொட்டாவி விடும் பிள்ளை, இங்கே தானே விரைந்து செய்கிறான். விடை அவனுக்கு வேண்டியிருக்கிறது. அடுத்த சீட்டை இடுவதா, வைத்திருப்பதா என்பது அவ்விடையில் தங்கியிருக்கிறது.

ஆயினும் இதனினும் பெரிதாக நான் கருதுவது மற்றொன்று. ஆட்டம் முடிந்தபின் இரு கட்சியாரும் தத்தம் புள்ளிகளைக் கூட்டுகின்றனர். ஒருவர் 163 என்கிறார். மற்றவர் 131 என்கிறார். இரண்டையுஞ் சேர்த்தால் 294தான் வருகிறது. எங்கேயோ ஒரு பத்து விடுபட்டுவிட்டது! யாருடைய பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை, பிரம்பு இல்லை, சிவப்பு மையால் இட்ட கோடு இல்லை. சீட்டுகளே பிழையைக் காட்டிக் கொடுக்கின்றன. பிள்ளை மீண்டும் எண்ணித் தானே அதைக் கண்டுபிடிக்கிறான். நம் பிள்ளைகளிற் பலர் கணக்கை வெறுப்பதற்குக் காரணம் கணக்கு அரிதாயிருப்பதன்று. பிழைவிடும்போதெல்லாம் பிறர் முன்னிலையில் தலைகுனிய நேர்வதே என்பது என் எண்ணம்.

ஏழு வயதுக் குழந்தையை முந்நூற்று நான்குக்கு இருத்த முடியாது. அதற்கு எளிய ஆட்டங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்தெடுக்கும்போதும் பிழை தானே வெளிப்படும் இந்தப் பண்பினையே நாம் தேட வேண்டும்.

கட்டிலிருந்து பத்துகளையும் படச்சீட்டுகளையும் நீக்கிவிடுங்கள். ஆசை ஒன்றாகக் கொண்டால், ஒன்று முதல் ஒன்பது வரை 36 சீட்டுகள் எஞ்சும். அவற்றைக் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். பிள்ளைகள் முறைக்கு ஒரு சீட்டாக எடுத்துப் பாயில் மலர்த்தி வைக்க வேண்டும். வைத்த சீட்டோடு சேர்ந்து பத்தாகக்கூடிய சீட்டு பாயிற் கிடந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அவர் கவனியாது விட்டால் அடுத்தவர் எடுக்கலாம். ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து. எல்லாருஞ் சரியாக ஆடியிருந்தால் 18 சோடிகளும் போய் இறுதியிற் பாய் வெறுமையாகும். ஒரு நான்கும் ஓர் ஏழும் மிஞ்சிக் கிடந்தால்? யாரோ ஆறையும் மூன்றையும் பத்தென்று எண்ணி அள்ளிவிட்டார். அச்சோடியைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆட்டத்தைவிடச் சுவையானதாகப் பிள்ளைகளுக்குத் தோன்றுவதைக் கண்டிருக்கின்றேன். பத்தாகும் சோடிகள் நாவிற் பதிந்தபின் எட்டும் ஐந்தும் எத்தனை என்பதற்கு விரல்கள் வேண்டியதில்லை. ஐந்திலிருந்து இரண்டைக் கடனெடுத்து எட்டைப் பத்தாக்கினால் மூன்று மிஞ்சும்.

கழித்தலுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். இருவர் ஒவ்வொரு சீட்டு மலர்த்துகின்றனர். ஒருவருக்கு ஒன்பது, மற்றவருக்கு நான்கு. ஒன்பது பெற்றவர், எத்தனை கூடுதலோ அத்தனை கொட்டைகளைப் பொதுக் குவியலிலிருந்து எடுக்கலாம். எளிய ஆட்டந்தான். எனினும் 'ஒன்பதில் நாலு போனால்' என்று மட்டுமே கழித்தலைக் கற்ற பிள்ளை 'நாலைவிட ஒன்பது எத்தனை கூட' என்ற வினாவில் திகைத்து நின்றுவிடுவதுண்டு. சீட்டுகளில் எண்ணுடன் அடையாளங்களும் அச்சிடப்பட்டிருப்பதனால், இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டிவிடலாம். பொருந்தாது நிற்கும் ஐந்தே விடை. கணக்குப் புத்தகத்தின் வெற்று எண்களுக்கு இந்த வசதி இல்லை.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறுப்புச் சீட்டை வரவாகவும் சிவப்புச் சீட்டைக் கடனாகவும் வைத்து ஆடச் செய்யலாம். கறுப்பு ஐந்தும் சிவப்பு எட்டும் பெற்றவனுக்கு மூன்று கடன். சீட்டுகள் அனைத்தையும் பகிர்ந்து முடித்தபின் எல்லாருடைய கணக்கையும் ஒன்று சேர்த்தால் பூச்சியமே வர வேண்டும். வராவிட்டால் மீண்டும் எண்ண வேண்டியதுதான். மறை எண்கள் என்று பாடசாலையிற் பின்னர் கேட்கும்போது அப்பிள்ளைக்கு அவை புதியனவாயிரா.

இனிப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டத்தின் நடுவே "எங்கே, ஏழும் ஆறும் எத்தனை சொல் பார்ப்போம்?" என்று வினவாதீர்கள். அக்கணமே அது பரீட்சையாகிவிடும்; பிள்ளை சீட்டை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். விரைவாகச் சொல்பவனுக்கே வெற்றி என்னும் விதியையும் தொடக்கத்தில் வைக்கலாகாது. மெல்ல எண்ணுபவனுக்கு அது மீண்டும் ஒரு வகுப்பறை. சீட்டின் சிறப்பே, நல்ல சீட்டு எவன் கைக்கும் வரும் என்பது. கணக்கிற் பின்தங்கிய பிள்ளை கெட்டிக்காரனான தமையனை இடையிடையே வென்றுவிடுகிறான். ஆகவே மறுநாளும் ஆட வருகிறான். பணம் மட்டும் வேண்டாம். ஐந்து சதமும் வேண்டாம். புளியங்கொட்டையை மாலையில் எண்ணிச் சிரட்டைக்குள் திரும்பப் போட்டுவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதானதும் பிள்ளையை முந்நூற்று நான்குக்கு அழைக்கலாம். முதல் நாளிலேயே எல்லா விதிகளையும் சொல்லிக் குழப்ப வேண்டாம். ஓர் இனத்தின் எட்டுச் சீட்டுகளைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். ஜாக்கும் ஒன்பதும் 50, ஆசும் பத்தும் 21, ராசாவும் ராணியும் 5 என்று அவன் தானே சேர்த்து 76 காணட்டும். அதை இரட்டித்தால் 152. மீண்டும் இரட்டித்தால் 304. பிறகு, 160 கேட்பவர் சரிபாதியைவிட எத்தனை கூடுதலாகக் கேட்கிறார் என்று அவனாகவே எட்டு விரல்களை நீட்டுவான். இம்முறை மேசைக்கு மேலே.