தீப்பெட்டியும் ஆசிய வர்த்தகமும்

ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் பொருளாதார ஒத்துழைப்பு என்றால், அது பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் மந்திரிகளும் பெரிய கம்பெனி முதலாளிகளும் கூடிப் பேசிக் கலைகிற விவகாரம் என்றும், ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் உளுந்து விதைக்கிறவருக்கும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் பெட்டி அடைத்துக் கூலி வாங்குகிற பெண்ணுக்கும் அதனோடு யாதொரு சம்பந்தமும் இல்லையென்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கோவில்பட்டி வட்டாரத்தின் வர்த்தக சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது. இங்கே விளையும் பருத்தியும் பயறும், இங்கே செய்யப்படும் தீக்குச்சியும் கடல் கடந்த தேசங்களின் விலைவாசியோடு பிணைந்தே வந்திருக்கின்றன. அந்த விலைவாசியைத் தீர்மானிக்கும் ஏற்பாடுகள் உருவாகிற வேளையில் கரிசல் காட்டு வியாபாரியின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதா, அன்றி எல்லாம் முடிந்த பிறகு அவர் மனுவோடு ஓட நேர்ந்ததா என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம்.

கேட்கப்படாமலே தாமாக முன்வந்து ஆசிய வர்த்தகத்தில் இறங்கிய ஒரு மனிதரை இந்த மண்ணே தந்தது. இதே கரிசல் வட்டாரத்து ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரித்தார். அந்தப் பங்குகளை வாங்கும் உரிமையை இந்தியரோடு நிறுத்தாமல் ஆசியர் அனைவருக்கும் திறந்து வைத்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பலில் ஆசிய தேசத்து வியாபாரி எவரும் பங்குதாரராகலாம் என்ற அந்த ஏற்பாடு, இன்றைய பிராந்திய ஒத்துழைப்பு மாநாடுகளுக்கு வெகுகாலம் முந்தியது. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தும், சர்க்கார் அவரைச் சிறையில் அடைத்தும் அந்த முயற்சியை முறித்தன என்பது யாவரும் அறிந்த கதை. மூலதனமும் கப்பலும் தேடிக்கொண்ட வியாபாரிக்கு அரசாங்கத்தின் ஆதரவு இல்லையேல் கடல் வர்த்தகம் கைகூடாது என்பது அந்தக் கதையில் அடங்கிய பாடம்.

அரசாங்கமும் வியாபாரிகளும் சேர்ந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு, அடுத்த கால் நூற்றாண்டு கழித்து ஓர் உதாரணம் கிடைக்கிறது. 1933-ஆம் ஆண்டு ஜப்பானியத் துணியின் மீது இந்திய சர்க்கார் நூற்றுக்கு எழுபத்தைந்து என்று சுங்கவரியை உயர்த்த, ஜப்பானிய நூற்பாலைகள் இந்தியப் பருத்தியை வாங்குவதில்லையென்று பகிஷ்காரம் செய்தன. ஆலை முதலாளிக்கு அனுகூலமான வரி, பருத்தி விதைத்த விவசாயிக்குப் பிரதிகூலமாய் முடிந்தது. சிம்லாவிலும் பின்னர் டில்லியிலும் நடந்த பேச்சுக்களில் இரு சர்க்கார்களின் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்க, இந்தியா, ஜப்பான், லங்காஷயர் ஆகிய மூன்று இடத்து ஆலை முதலாளிகளும் அங்கே திரண்டிருந்தார்கள். 1934-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேல் இந்தியப் பருத்தியை ஜப்பான் வாங்கினால் முப்பத்திரண்டரைக் கோடி கஜம் துணியை இங்கே அனுப்பலாம் என்று கணக்குப் பேசி முடித்தார்கள். துணிக்கும் பருத்திக்கும் போட்ட அந்த முடிச்சு, ஒரு பண்டத்தின் மீது விதிக்கும் வரி மற்றொரு பண்டத்தின் விலையில் போய் விடியும் என்பதை வெட்டவெளிச்சமாக்கியது.

சுதந்திரத்திற்குப் பின் இத்தகைய பேச்சுக்களுக்கு நிரந்தரமான ஸ்தாபனங்கள் தோன்றின. ஐக்கிய நாடுகள் சபை 1947-இல் ஆசியாவுக்கும் தூரகிழக்குக்கும் என்று ஏற்படுத்திய பொருளாதாரக் கமிஷனுக்கு முதல் நிர்வாகச் செயலாளராக அமர்ந்தவர் தமிழரான பி. எஸ். லோகநாதன், அதன் மூன்றாவது கூட்டம் 1948 ஜூனில் உதகமண்டலத்தில் நடந்தது. அந்தக் கமிஷனின் முயற்சியால் 1975-இல் கையெழுத்தான பாங்காக் ஒப்பந்தத்தில் இந்தியா ஆரம்பம் முதலே அங்கம் வகிக்கிறது. 2001-இல் சீனாவும் அதில் சேர்ந்தது. இப்போது அதற்கு ஆசிய பசிபிக் வர்த்தக ஒப்பந்தம் என்று பெயர். 1989-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொடங்கிய ஏபெக் என்னும் ஒத்துழைப்பு அமைப்போ, இருபத்தொரு பொருளாதாரங்களைக் கொண்டது. இந்தியா அதில் உறுப்பினர் அல்ல. அந்த அமைப்பில் நாம் கவனிக்கத் தக்க அம்சம் ஒன்று உண்டு. 1995-இல் அது ஒரு வணிகர் ஆலோசனை சபையை நிறுவி, ஒவ்வோர் உறுப்பினரும் மூன்று வணிகர்களை நியமிக்கவும், அவர்கள் ஆண்டுதோறும் நாட்டுத் தலைவர்களிடம் நேரிலேயே தங்கள் யோசனைகளைச் சமர்ப்பிக்கவும் வழி செய்தது. வியாபாரியின் குரல் தயவு தாட்சண்யத்தால் கேட்கப்படாமல், விதிப்படி கேட்கப்படுகிற ஏற்பாடு அது.

இந்தியாவைப் பொறுத்தமட்டில், ஆசியான் நாடுகளோடு 2009 ஆகஸ்டில் கையெழுத்தான சரக்கு ஒப்பந்தம் 2010 முதல் அமலில் இருக்கிறது. பதினாறு நாடுகள் 2012-இல் பேசத் தொடங்கிய ஆர்.சி.ஈ.பி. என்னும் பெரிய வர்த்தக உடன்பாட்டிலிருந்து, 2019 நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில் இந்தியா விலகிக்கொண்டது. எஞ்சிய பதினைந்து நாடுகள் மறு ஆண்டு கையெழுத்திட்டன. சீனப் பண்டங்கள் வெள்ளமாய் வந்து விழும் என்ற அச்சம் அந்த விலகலுக்கு ஒரு முக்கிய காரணம். ஆனால் ஒப்பந்தத்தில் சேராததனாலேயே சரக்கு வராமல் நின்றுவிடுமா என்பதற்கு, கோவில்பட்டியின் தீப்பெட்டித் தொழில் விடை வைத்திருக்கிறது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று நீளும் இந்த வறண்ட பூமியில், மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பு எரியக் காரணமாயிருந்தது தீப்பெட்டிதான். குச்சியை மெழுகில் தோய்த்து, தலையை மருந்தில் முக்கி, உலர்த்தி, அடிப்பெட்டியில் அடைத்து, மேல்பெட்டிக்குள் செருகி, பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் கலந்த மருந்து பூசி, அறுநூறு பெட்டிகளை ஒரு பண்டலாகக் கட்டி அனுப்புகிற இந்த வேலையில், இயந்திரங்கள் புகுந்த பிறகும் பெண்களின் கைகளே மிகுதி. இந்தப் பெட்டியின் சில்லறை விலை 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயானது. அதற்குப் பின் மூலப்பொருள்கள் எல்லாம் விலையேறியும் பதினான்கு ஆண்டுகள் நகராமல் நின்று, 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாயானது.

அந்த இடைவெளியில் பெட்டிக்கடைகளில் இறக்குமதியான பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் வந்து தொங்கியது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிக்குச் சமானம் என்று தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 செப்டம்பரில் மத்திய வர்த்தக மந்திரிக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துக்காட்டி, லட்சம் பேருக்கு மேல் வேலை தரும் தொழில் இது என்றும், ஆண்டுக்குச் சுமார் நானூறு கோடி ரூபாய் அந்நியச் செலாவணி ஈட்டுவது என்றும் குறிப்பிட்டார். புதிய விலையில் இருபது பெட்டிக்கு நாற்பது ரூபாய். லைட்டருக்குப் பத்து ரூபாய். இந்த வித்தியாசத்தைச் சிக்கனத்தாலோ திறமையாலோ எந்தத் தீப்பெட்டி முதலாளியும் ஈடுகட்டிவிட முடியாது.

இங்கே சாதாரண வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட நுட்பம் ஒன்றுண்டு. அந்நியச் சரக்கு அடிமாட்டு விலைக்கு வந்து குவிந்தால் பொருள்குவிப்புத் தடுப்பு வரி கேட்கலாம் என்பது பொதுவான விதி. ஆனால் அந்த வரியைக் கேட்கிறவர் அதற்கு ஒத்த பொருளைச் செய்கிறவராக இருக்கவேண்டும். தேசத்தின் மொத்த உற்பத்தியில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் அந்த மனுவை ஆதரிக்கவும் வேண்டும். லைட்டரால் தொழிலை இழக்கிறவர் தீப்பெட்டிக்காரர். தீப்பெட்டியோ சட்டத்தின் கண்ணில் லைட்டருக்கு ஒத்த பொருள் அல்ல. ஆகவே அந்த வழி இவர்களுக்கு அடைபட்டிருந்தது. எஞ்சியது இறக்குமதிக் கொள்கையையே மாற்றச் சொல்லிக் கேட்பது. கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் உள்ள உற்பத்தியாளர் சங்கங்கள் மனுவின் மேல் மனுவாகக் கொடுத்துவந்ததன் பயனாக, இருபது ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாது என்று 2023 ஜூன் மாதத்தில் உத்தரவு வந்தது. முழு லைட்டர் நின்றதும், பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படுகிறது என்று மறுபடியும் முறையிட்டார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் கட்டுப்பாடு ஏற்பட்டது. அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது உண்மை. எத்தனை ஆண்டு அழுத பிறகு என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வாசலை அடைப்பதே வியாபாரியின் முழுக் கோரிக்கையாக இருக்க முடியாது என்பதற்கு உளுந்து சாட்சி. புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்துத் தை, மாசியில் களத்துக்கு வரும் உளுந்தும் பாசிப்பயறும் இந்தக் கரிசலின் பிரதான வரவு. அறுவடை முடிகிற சமயத்திலேயே பர்மாவின் புது உளுந்தும் கப்பலேறுகிறது. மியான்மரிலிருந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தைத் தனியார் வியாபாரத்தின் மூலம் கொண்டுவரலாம் என்று 2021-இல் இரு சர்க்கார்களும் ஐந்தாண்டுகளுக்கு உடன்பாடு செய்துகொண்டன. எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்று தரம் பிரித்துச் சென்னையில் சொல்லப்படும் பர்மா உளுந்தின் விலையைக் கேட்டுத்தான் உள்ளூர்க் கமிஷன் மண்டியும் விலை வைக்கிறது. இட்லிக்கு மாவரைக்கிற குடும்பத்திற்கும், அப்பளத் தொழிலாளிக்கும் அந்தக் கப்பல் நன்மை. மூட்டையை இருப்பு வைக்க இடமில்லாத விவசாயிக்கு அது விலை வீழ்ச்சி. பஞ்சின் கதையும் அவ்விதமே. ஆஸ்திரேலியாவோடு 2022-இல் செய்த ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 51,000 டன் பருத்தி தீர்வையின்றி வரலாம். நீண்ட இழை தேடும் நூற்பாலைக்கு அது வேண்டும், கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தியின் மேல் பற்றுக்கொண்ட குடியானவருக்கு அது கவலை. ஒரே ஊரில், ஒரே தெருவில் கூட, வாசல் திறக்க வேண்டுமென்பவரும் அடைக்க வேண்டுமென்பவரும் வசிக்கிறார்கள்.

வெளியே போகும் வாசலையோ நாம் இன்னும் சரியாகத் தட்டியே பார்க்கவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசலில் விளைந்த நிலக்கடலையும், வெல்லப்பாகும், தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்து தரும் சுவை என்பதை அரசாங்கமே பதிவு செய்துகொண்டது. ஆனால் அந்தக் குறியீடு செல்லுபடியாவது இந்திய எல்லைக்குள் மட்டுமே. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவர் இதே பெயரில் மிட்டாய் விற்றால், அந்தந்த நாட்டில் தனியே பதிவு செய்தோ, உடன்படிக்கையில் பெயரைச் சேர்த்தோதான் தடுக்கலாம். தமிழர் நெருங்கி வாழும் அந்தச் சந்தைகளுக்கு ஒப்பந்தம் பேசுகிறபோது கடலைமிட்டாயின் பெயரைப் பட்டியலில் சேருங்கள் என்று கேட்க வேண்டியவர்கள் குடிசைத் தொழிலாக மிட்டாய் போடும் சிறு முதலாளிகளே. அவர்களுக்குப் பாகு பதம் பார்க்கத் தெரியும், பட்டியல் பார்க்க யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆசியான் சரக்கு ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யும் பேச்சுக்கள் சமீப ஆண்டுகளில் தொடங்கியிருக்கின்றன. மண்டி வியாபாரிகளும், தீப்பெட்டிச் சங்கத்தாரும், மில் முதலாளிகளும், கடலைமிட்டாய்க்காரர்களும், விவசாய சங்கங்களும் தனித்தனியே டில்லிக்கு மனு அனுப்பும் பழக்கத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, மாதந்தோறும் வரவு, விலை, கூலி, இறக்குமதிச் சரக்கின் சில்லறை விலை ஆகியவற்றைக் குறித்து வைக்கும் பொதுக் கணக்கு ஒன்றை இங்கேயே ஏற்படுத்திக்கொள்வார்களானால், அவர்களுக்குள் உள்ள முரண்பாடுகளும் அந்தக் கணக்கிலேயே தெரிந்து, எதை எந்த மாதத்தில் எவ்வளவு அனுமதிக்கலாம் என்று நிதானமாகச் சொல்லும் தகுதி பிறக்கும். அறுவடை மாதங்களில் உளுந்துக்குத் தீர்வை, மற்ற மாதங்களில் சலுகை என்பது போன்ற நடைமுறைக்கு ஒத்த யோசனை, விலை விழுந்த பின் எழுதும் மனுவில் உதயமாவதில்லை. ஏபெக் சபையில் மூன்று வணிகருக்கு ஆசனம் கொடுத்தவர்கள் வியாபாரிகளிடம் கொண்ட தயவினால் கொடுக்கவில்லை. சந்தையின் நிலவரம் உத்தியோகஸ்தரைவிட வியாபாரிக்கே முந்தித் தெரியும் என்பதனால் கொடுத்தார்கள். அந்த நிலவரம் கோவில்பட்டியிலும் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் அதை எழுதி அனுப்புகிற பொறுப்பு நம்முடையது.