மூக்கை நம்பாதீர்கள்

பாலக்காட்டின் கல்பாத்தியிலிருந்து கிழக்கே கோயம்புத்தூர் சாலையைப் பிடித்தால் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை வரும். அதைத் தாண்டி வாளையார், அதற்கப்பால் தமிழ்நாடு. இந்த வழி நெடுகிலும் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய கரைப்பான் ஒன்று உண்டு: டிரைக்ளோரோஎத்திலீன்.

இயந்திரப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் திரவம் இது. தொட்டியின் அடியில் சூடேற்றினால் 87 டிகிரியில் கொதிக்கும். அந்த ஆவிக்குள் குளிர்ந்த உலோகத்தை இறக்கினால் ஆவி அதன்மேல் திரவமாகி, பிசுக்கையும் இழுத்துக்கொண்டு சொட்டும். காற்றைவிட நாலரை மடங்கு கனமான ஆவி என்பதால் அது தொட்டிக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டும். ஆனால் பாலக்காட்டுக் கோடையில் மின்விசிறி இல்லாமல் யாரால் நிற்க முடியும்? விசிறிக் காற்றோ மலைக் கணவாய் வழியே வரும் காற்றோ தொட்டியின் மேல் அடித்தால் போதும், ஆவி கலைந்து வேலை செய்கிறவர் முகத்துக்கே வந்துவிடும்.

எவ்வளவு வரலாம்? போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, நச்சுப் பொருள்களுக்கு அளவு வகுத்தார்கள். அந்த அட்டவணையில் இதற்கு 8 மணி நேரச் சராசரி 50 பிபிஎம். அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு. பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் 200 வரை போகலாம் என்றது அது.

அறிவியல் அங்கேயே நிற்கவில்லை. இது சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதி செய்தது. அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் இது கலந்த தண்ணீரைப் பயன்படுத்திய வீரர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றது 2023-இல் வந்த ஆய்வு. அந்நாட்டுத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் அளவு 10 பிபிஎம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 ஏப்ரலுக்குப் பின் தனி அனுமதி இல்லாமல் இதைத் தொடவே முடியாது.

என்னைக் கவலைப்பட வைப்பது இதன் வாசனை. இலேசான இனிப்பு வாடை. பலருக்கு 20 பிபிஎம் தாண்டிய பிறகே தெரியும். சற்று நேரத்தில் மூக்கு பழகி, அதுவும் மறைந்துவிடும். வாடை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைத்தால் உயிருக்கே கேடு. காற்றை மாதிரி எடுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். இதன் சிதைபொருளான டிரைக்ளோரோஅசிட்டிக் அமிலம் சிறுநீரில் நாள்கணக்கில் தங்கி வாரம் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும்; அதனால் சிறுநீர்ச் சோதனையை வாரக் கடைசி ஷிப்ட் முடிவில் செய்ய வேண்டும். 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு 8 மணிக் கணக்கு பொருந்தாது. உள்ளே போவது கூடும், உடல் அதை வெளியேற்றக் கிடைக்கும் நேரம் குறையும்.

தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இந்த அளவுகளை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. வாளையாருக்கு இந்தப் பக்கம் ஓர் அளவு, அந்தப் பக்கம் வேறோர் அளவு என்று ஆகிவிடக் கூடாது. நுரையீரல் இரு பக்கமும் ஒன்றுதான். கேரளமும் தமிழகமும் சேர்ந்து 50-ஐக் கைவிட்டு, 10-க்கு மேல் போகாத அளவை எழுத வேண்டும். தொழிலாளர்களும் சங்கங்களும் தங்கள் ஆலையில் காற்றைக் கடைசியாக எப்போது அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.